சீட்டுக்கட்டும் சிறுவர் கணக்கும்

சீட்டு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிக்கும் அன்பர்கள் இப்பக்கங்களைப் படிப்போரில் பலர் இருப்பார்கள் என்பதை நாம் அறிவோம். அவர்கள் சுளிப்பதில் குற்றமில்லை. தோட்டத்துச் சம்பள நாளின் இரவுகளை நேரிற் கண்டவர்களும், கண்டவர்களின் வயிற்றிற் பிறந்தவர்களும் வேறெவ்வாறு நினைப்பார்கள்? கள்ளையும் சூதையும் ஒழிக்கவேண்டுமென்று மேடைக்கு மேடை பேசிய சமூகம் நம்முடையது. அப்படியிருக்க, சீட்டுக்கட்டைக் குழந்தைகளின் கையிலே கொடுங்கள் என்று நாம் எழுத முன்வந்தது சிலருக்கு விபரீதமாகத் தோன்றலாம். முழுதும் படித்துப் பார்த்தபின் நம்மை ஏசுவதாயின் ஏசட்டும். பாதியில் ஏசவேண்டாம் என்பதே நமது விண்ணப்பம்.

எண்ணையும் எழுத்தையும் மனிதருக்குக் கண்களாகச் சொன்ன அதே வள்ளுவர், சூதுக்கென்று தனியே 94ஆம் அதிகாரத்தை ஒதுக்கிப் பத்துக் குறள் பாடிவைத்தார். இரண்டும் ஒரே நூலில் இருக்கின்றன. ஆனால் நம் வீடுகளில் சூதைக் கண்டிக்கும் புத்தி நிலைத்த அளவுக்கு எண்ணைப் போற்றும் புத்தி காரியத்தில் நிலைக்கவில்லை. எழுத்துப் பழக்கத்துக்காகப் பிள்ளைக்குக் கதைப் புத்தகம் வாங்கித் தருகிறோம். பாட்டுச் சொல்லித் தருகிறோம். படுக்கப்போகுமுன் கதை சொல்கிறோம். எண்ணுக்கு நாம் செய்வதென்ன? பயிற்சிப் புத்தகத்தை அடுக்கிவைத்து, "பத்துப் பக்கம் முடித்துவிட்டு எழுந்திரு" என்கிறோம். எழுத்து விருந்தாகவும் எண் தண்டனையாகவும் ஒரே வீட்டில் பரிமாறப்பட்டால் பிள்ளை எதை விரும்பும்?

சிங்கப்பூர்க் கணக்குப் பாடம் உலகம் மெச்சும் பாடம் என்பது யாவரும் அறிந்த செய்தி. பாடத்திட்ட வளர்ச்சிக்கென்று 1980இல் ஒரு கழகம் அமைக்கப்பட்டது. கையால் தொட்டுப் பார்க்கும் பொருளிலிருந்து படத்துக்கும், படத்திலிருந்து குறியீட்டுக்கும் பிள்ளையை அழைத்துச் செல்லும் முறை, அமெரிக்க உளநூலறிஞர் ஜெரோம் புரூனரின் கருத்துகளைத் தழுவி இங்கே பாடப் புத்தகங்களில் ஏறியது. கட்டங்கள் வரைந்து விடை காணும் முறையும் அந்நாளில் வந்ததே. 1995இல் நடந்த அனைத்துலகக் கணித ஒப்பீட்டுத் தேர்வில் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் முதலிடம் பெற்றார்கள். அதற்குப் பின்னும் பலமுறை பெற்றிருக்கிறார்கள். இவ்வளவு இருந்தும், நம் சமூகத்துப் பிள்ளைகள் கல்வியில், அதிலும் கணக்கில், பின்தங்கியிருக்கிறார்கள் என்ற கவலையினால்தான் 1991இல் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், அதாவது சிண்டா, தோன்றிற்று. பீட்டி சாலையில் இருக்கும் அச்சங்கம் அன்றுமுதல் துணைப்பாட வகுப்புகள் நடத்திவருவதை லிட்டில் இந்தியா வட்டாரத்தார் நன்கறிவர். அவ்வகுப்புகளால் கரையேறியவர் பலர். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வகுப்புக்கு அனுப்பிவிட்டோம், நம் கடமை தீர்ந்தது என்று பெற்றோர் கையைக் கட்டிக்கொள்வதுதான் நமக்குப் பொறுக்கவில்லை. 2023ஆம் ஆண்டுக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி இத்தீவிலுள்ள குடும்பங்கள் துணைப்பாடத்துக்கு ஓராண்டில் செலவிட்டது ஏறத்தாழ 180 கோடி வெள்ளி. சீட்டுக்கட்டு ஒன்று மூலைக்கடையில் இரண்டு மூன்று வெள்ளிக்குக் கிடைக்கிறது.

நிற்க. இந்த விஷயத்தில் நாம் இறங்கிய காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நம் தங்கையின் மகள் 2022ஆம் ஆண்டு தொடக்கநிலை மூன்றிற் படித்துக்கொண்டிருந்தாள். வயது ஒன்பது. வாய் ஓயாத பெண். ஆனால் கணக்குப் புத்தகத்தை விரித்தவுடன் அவளது கைகள் மேசைக்கடியில் மறைந்துவிடும். எட்டும் ஐந்தும் எத்தனை என்றால், மேசைக்கடியில் விரல்கள் ஒன்றிலிருந்து நடக்கத் தொடங்கும். பதின்மூன்றை அடைவதற்குள் நெற்றி வியர்த்துவிடும். அந்த வகுப்பிலே ஆறு முதல் ஒன்பது வரையிலான வாய்ப்பாடு வருகிறது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை அவள் நூறுமுறை எழுதியிருந்தாள், கேட்டால் தெரியாது. ஒருநாள் நம்மிடம், "மாமா, எனக்குக் கணக்கு வராது, அம்மாவுக்கும் வராதாம்" என்று, ஏதோ குடும்பச் சொத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நாம் அவ்வளவு பயந்திருக்கமாட்டோம். ஒன்பது வயதுக் குழந்தை வாழ்நாள் முழுமைக்கும் தீர்ப்பெழுதிவிட்டு நிம்மதியாயிருந்தது நம்மைக் கலக்கிற்று.

சீட்டாடிப் பழகட்டுமே என்று நாம் சொன்னபோது, தங்கை சமையற்கட்டிலிருந்து வெளியே வந்து நின்றாள்.

"அண்ணே, இந்த வீட்டில் சீட்டு நுழையக்கூடாது. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாமலென்ன? நாங்கள் இருவரும் ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. பள்ளிக்கூடத்து வாசலை மிதியாதவர். ஆனால் பால் நிறுக்கும் கொட்டகையில் கிராணி எழுதும் கணக்கைத் தலைகீழாக நின்று பார்த்தே, இன்ன இடத்தில் பிசகிருக்கிறது என்று சொல்லிவிடுவார். மனக்கணக்கில் அவரை வெல்ல ஆளில்லை. அப்படிப்பட்டவர் சம்பள நாளன்று லயத்துக்குப் பின்புறம் பாய் விரித்து விளக்கேற்றிய இடத்தில் உட்கார்ந்தால், மறுநாள் காலையில் வீட்டுக்கு வருவது மனிதர் மட்டுமே. அன்னையார் கடைக்காரரிடம் அரிசிக்குக் கடன் சொல்லப் போவார். கூடவே தங்கையும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு போவாள். ஆண்பிள்ளையான நாம் அந்த வெட்கத்தில் பங்குபெறவில்லை. அவள் பெற்றாள்.

ஆகவே அவள் கேட்ட அடுத்த கேள்வி நம் வாயை அடைத்துவிட்டது. "அப்பாவுக்குக் கணக்கு வராமலா தோற்றார்? கணக்கு வந்தவரைத்தானே அது தின்றது?"

வாசகர்களே, இக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. கணக்குத் தெரிந்தால் சூதிலிருந்து தப்பிக்கலாம் என்று சில படித்தவர்கள் பேசுவது வெறும் பேச்சு. நாம் அன்றிரவெல்லாம் யோசித்துப் பார்த்தோம். தந்தையார் ஞாயிற்றுக்கிழமைகளில் மரத்தடியில் நால்வராக ஆடிய முந்நூற்று நாலு என்ற ஆட்டம் ஒன்று. சம்பள நாளிரவில் ஆடிய மங்காத்தா வேறொன்று. முன்னதில் காசில்லை, புத்தியெல்லாம் வேண்டும். பின்னதிலோ உள்ளே, வெளியே என்று இரண்டு பக்கமும் சீட்டு விழுந்துகொண்டே போகும்; கேட்ட சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்தில் காசு வைத்தவனுக்கு வெற்றி. அதில் மூளைக்கு வேலையே இல்லை. சற்றேறக்குறைய காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதுதான். தந்தையாருடைய கணக்கு அங்கே அவருக்கு உதவவுமில்லை, துரோகம் செய்யவுமில்லை, அழைக்கப்படவே இல்லை. இதைத் தங்கையிடம் சொன்னோம். ஒப்புக்கொண்டாள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் கதவைச் சற்றுத் திறந்தாள்.

அவள் விதித்த நிபந்தனைகள் கடுமையானவை. ராஜா, ராணி, ஜாக்கி ஆகிய பன்னிரண்டு படச்சீட்டுகளும் அவளிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். பந்தயம் கூடாது, காசு மட்டுமல்ல, மிட்டாய் கூடாது, புளியங்கொட்டையும் கூடாது. நேற்றைய வெற்றி தோல்வியை இன்றைக்குக் கொண்டுவரக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் கட்டு அவள் கைக்குப் போய்விட வேண்டும். நாம் எல்லாவற்றுக்கும் சம்மதித்தோம். படங்களை நீக்கியபின் எஞ்சியவை ஆஸ் முதல் பத்து வரை நான்கு இனத்திலும் நாற்பது சீட்டுகள். பிள்ளைகளின் கணக்குக்கு இந்த நாற்பதுதான் வேண்டியது என்பதால் அவளுடைய கண்டிப்பு நமக்கு வசதியாகவே அமைந்தது.

முதலில் நாம் ஆடியது பத்துக்கூட்டு. ஆளுக்கு ஐந்து சீட்டு. மீதி கவிழ்த்து நடுவில். கையில் மூன்று இருந்தால் எதிராளியிடம் ஏழு கேட்கவேண்டும். நாலு இருந்தால் ஆறு. இருந்தால் அவர் தரவேண்டும். இல்லையென்றால் நடுவிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். பத்தாக இணைந்த ஜோடி மேசையில் இறங்கும். பத்துச் சீட்டு தனியே இறங்கும். இதிலே ஒரு நேர்த்தி உண்டு. ஒன்று முதல் பத்து வரை கூட்டினால் 55. நான்கு இனத்துக்கும் 220. ஆதலால் ஆட்ட முடிவில் மேசைமேல் சரியாக இருபத்திரண்டு பத்துகள் கிடக்கும். ஒரு சீட்டும் மிஞ்சாது. இருபத்தொன்றுதான் வந்தால் எங்கேயோ ஏமாற்றம் நடந்திருக்கிறது, அல்லது சீட்டு கீழே விழுந்திருக்கிறது. மருமகளுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. யார் வென்றார் என்பதைவிட இருபத்திரண்டு வருகிறதா என்று பார்ப்பதிலே ஆவல் கொண்டாள். மூன்று வாரம் சென்றிருக்கும். எட்டும் ஐந்தும் எத்தனை என்று பேச்சுவாக்கில் கேட்டோம். கை மேசைக்கடியில் போகவில்லை. "எட்டுக்கு இரண்டு கொடுத்தால் பத்து, மூன்று மிச்சம்" என்றாள். யாரும் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், ஆனால் அப்போது அவளுக்கு அது தேவைப்படவில்லை, ஆட்டத்தில் தேவைப்பட்டது.

ஒரு விஷயத்தை இங்கே குறிப்பிட வேண்டும். புள்ளிகளை எண்ணும்போது தமிழில் எண்ணுவது என்று ஒரு வழக்கம் செய்துகொண்டோம். நம் பிள்ளைகள் பள்ளியில் கணக்கை ஆங்கிலத்திலேயே படிக்கிறார்கள். சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப் பள்ளியாகிய உமறுப்புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டபின் வேறு வழியுமில்லை. ஆங்கிலத்தில் இலெவன், டுவெல்வ் என்ற சொற்களில் பத்து எங்கே ஒளிந்திருக்கிறதென்று குழந்தை கண்டுபிடிக்க முடியாது. சீனத்தில் பத்து-ஒன்று, பத்து-இரண்டு என்றே பெயர். தமிழிலும் பதினொன்று, பதின்மூன்று, இருபது, முப்பது என்று பத்து வெளிப்படையாகவே நிற்கிறது. இவ்வளவு தெளிவான எண்ணுப்பெயர்களை வைத்துக்கொண்டு வீட்டில்கூட நாம் அவற்றைச் சொல்லுவதில்லை. தொண்ணூறு வந்தபோதுமட்டும் மருமகள் தடுக்கி விழுந்தாள். "நூறு இன்னும் வரவில்லையே, நூறு என்று ஏன் சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தொண்டு என்பது ஒன்பதுக்குப் பழம் பெயரென்றும், அது நூறோடும் ஆயிரத்தோடும் ஒட்டிக்கொண்டு நம்மை மயக்குகிறதென்றும் சொன்னோம். "பழையவர்கள் தப்பாக ஒட்டிவிட்டார்கள்" என்று முடித்துவிட்டாள். இலக்கணப் புலவர்கள் அவளை மன்னிப்பார்களாக.

இவையெல்லாம் ஒரு குடும்பத்தின் அனுபவந்தானே, இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்போருக்கு ஒரு வார்த்தை. 2008இல் அமெரிக்காவில் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஏழைக் குடும்பத்துப் பாலர் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்தார்கள். ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட கட்டங்கள் வரிசையாயுள்ள எளிய பலகை ஆட்டத்தைச் சிலருக்கும், எண்ணில்லாமல் நிறங்கள் மட்டும் உள்ள அதே ஆட்டத்தை வேறு சிலருக்கும் கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால்மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவே. எண்ணோடு ஆடிய குழந்தைகள் எண்ணறிவில் முன்னேறினார்கள். நிறத்தோடு ஆடியவர்கள் முன்னேறவில்லை. பின்னர் 2017இல் ரமணியின் குழுவினர் சீட்டைக்கொண்டே ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஆளுக்கொரு சீட்டைத் திருப்பி, பெரிய எண்ணுக்கு உரியவர் இரண்டையும் எடுத்துக்கொள்வதே அந்த ஆட்டம். நாலு வயதுப் பிள்ளையும் ஆடக்கூடியது. எது பெரிது என்று கண்ணால் ஒப்பிட்டு ஒப்பிட்டே எண்ணின் அளவு அக்குழந்தைகளின் மனத்தில் படிந்தது. பல்லாங்குழியில் சோழியை இட்டு இட்டுப் போன நம் பாட்டிமார்களுக்கு இது பெரிய அதிசயமாகத் தோன்றியிராது.

வாய்ப்பாட்டுக்கு வேறொரு ஆட்டம். இரண்டு சீட்டைத் திருப்பிப் பெருக்கிச் சொல்வது. இதிலே முந்திச் சொன்னவருக்கு ஜோடி என்று வைப்பதுதான் பலரது வழக்கம். நாம் அதை ஆதரிப்பதில்லை. வேகம் என்று வந்தவுடனே தெரிந்த பிள்ளை மேலும் தெரிந்துகொள்கிறது. தெரியாத பிள்ளை ஊமையாகிறது. துணைப்பாட நிலையமொன்றில் மணியடித்துக் கணக்குக் கேட்டதனால்தான் மருமகளுக்குக் கை மேசைக்கடியில் போகும் பழக்கம் வந்தது என்பது நமது சந்தேகம். நாங்கள் முறைபோட்டுக்கொண்டு ஆடினோம். அவள் முறையில் அவள் சொல்லும்வரை நாம் தேநீர் குடித்தோம். ஏழெட்டு வந்தால் அவள் ஏழைந்து முப்பத்தைந்தில் தொடங்கி, ஏழு மூன்று இருபத்தொன்றைச் சேர்த்து ஐம்பத்தாறுக்கு வருவாள். தேநீர் ஆறிப்போகும். ஆறட்டும்.

கறுப்பு வரவு, சிவப்பு கடன் என்ற ஆட்டத்தை நாம் சற்றுத் தயக்கத்தோடேதான் தொடங்கினோம். குறை எண்களைப் பள்ளி வெகுநாள் கழித்துத்தான் கற்பிக்கிறது. ஆனால் கடன் என்னவென்று தெரியாத குழந்தை நம்மினத்தில் உண்டா? இஸ்பேட்டும் கிளாவரும் வந்தால் கையில் சேரும். ஆட்டினும் டைமனும் வந்தால் கொடுக்கவேண்டும். நாற்பதையும் ஆளுக்கு இருபதாகப் பங்கிட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கணக்கு வைத்துக்கொண்டு வரவேண்டும். முதல் ஆட்டத்தின் முடிவில் அவளுக்கு 17 வரவு. நமக்கு 17 கடன். இரண்டாம் ஆட்டத்தில் அவளுக்கு 6 கடன். நமக்கு 6 வரவு. மூன்றாவதிலும் இவ்வாறே எதிரும் புதிருமாக வந்தது. சீட்டைக் கையிலே வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமலிருந்தாள். கறுப்பு மொத்தம் 110, சிவப்பு மொத்தம் 110, ஆகவே இருவர் கணக்கையும் சேர்த்தால் எப்போதும் ஒன்றுமில்லை என்பதைத் தானே கண்டுகொண்டு, "அப்படியானால் மாமா, எவ்வளவு நேரம் ஆடினாலும் இந்த மேசைக்கு லாபமே கிடையாதா?" என்றாள். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

கிடையாது, ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பதே என்றோம். சூதாட்டக் கூடத்திலே அதுகூட இல்லை என்பதையும் சொன்னோம். ஒற்றைச் சுழியமுள்ள சுழல் சக்கரத்தில் 37 குழிகள். ஓர் எண்ணில் ஒரு வெள்ளி வைத்து வென்றால் உன் வெள்ளியையும் சேர்த்துத் தருவது 36. ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு வெள்ளியாக 37 வெள்ளியையும் நீயே வைத்தாலும் திரும்பி வருவது 36தான். 2010இல் சிங்கப்பூரில் இரண்டு சூதாட்டக் கூடங்கள் திறக்கப்பட்டன. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழைவதற்கே ஒரு நாளுக்கு 100 வெள்ளி தீர்வை. 2019இல் அது 150 ஆயிற்று. "உள்ளே போகுமுன்னே 150 சிவப்பு" என்றாள் சிறுமி.

லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலை என்று ஒன்றிருப்பதை எல்லாரும் அறிவர். இன்று வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பெயர்பெற்ற அச்சாலைக்கு அப்பெயர் வந்தது, ஃபேரர் பார்க்கில் 1843 முதல் நடந்த குதிரைப் பந்தயத்தினால். பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போயிற்று. பின்பு கிராஞ்சிக்குப் போயிற்று. 2024 அக்டோபர் 5ஆம் நாள் கடைசிப் பந்தயத்தோடு சிங்கப்பூரில் குதிரைப் பந்தயம் முடிவுற்றது. பந்தயம் போய்ச் சோறு நின்றது நமக்கு மகிழ்ச்சியே. சட்டத்தின் போக்கோ வேறு. 2022ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடும்பத்தாரும் நண்பரும் வீட்டுக்குள் காசு வைத்து ஆடுவதை அனுமதித்துவிட்டது. சர்க்கார் அனுமதித்ததை நம் தங்கை அனுமதிக்கவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவுசெய்கிறோம்.

நான்கு சீட்டைப் பரப்பி, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் இவற்றால் 24 வரச்செய்யும் ஆட்டத்தைச் சீனப் பிள்ளைகள் ஆடக் கண்டிருக்கிறோம். ஷாங்காயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ராபர்ட் சன் என்பவர் 1988இல் இதைத் தனி அட்டைகளாக அச்சிட்டுப் பரப்பினார். ஆனால் சாதாரணச் சீட்டே போதும். 4, 7, 8, 8 வந்தால் என்ன செய்வது? எட்டை எட்டால் வகுத்தால் ஒன்று. ஏழில் ஒன்று போனால் ஆறு. ஆறு நான்கு இருபத்துநாலு. இதைக் கீழ்வீட்டுச் சீனப் பையன் ஒருவன் மருமகளுக்குக் காட்டினான். அவள் பதிலுக்கு அவனுக்குப் பத்துக்கூட்டைத் தமிழில் எண்ணக் கற்றுக்கொடுத்தாள். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக் கல்மேசையில் மாலைவேளைகளில் ஐந்தாறு பிள்ளைகள் கூடத் தொடங்கினார்கள். பக்கத்து மேசையில் முதியவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டு இவர்கள் கத்துவதைக் கண்டித்துக்கொண்டிருப்பார்கள்.

மதிப்பெண் எவ்வளவு ஏறிற்று என்று கேட்கும் பெற்றோரை நாம் கண்முன்னே காண்கிறோம். பிரமாதமாக ஏறவில்லை. ஏறக்கூடியது எது, ஏறாதது எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வசனக் கணக்குகளுக்குச் சீட்டு உதவாது. "ஒருவனிடம் இருந்த பழங்களில் மூன்றிலொரு பங்கை விற்றபின்" என்று தொடங்கும் கணக்கை வாசித்துப் புரிந்துகொள்ளக் கட்டம் வரையும் முறையும் ஆசிரியரின் பொறுமையும் வேண்டும். சீட்டு செய்வதெல்லாம் ஒன்றுதான்: புரிந்தபின் கூட்டவும் பெருக்கவும் வேண்டிய இடத்தில் பிள்ளை நடுங்காமலிருக்கச் செய்கிறது. மேசைக்கடியில் போன கைகள் மேசைமேல் வந்தன. கணக்கு வராது என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நாம் பிறகு கேட்கவில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். பெரியவர்கள் உட்காராமல் கட்டை மட்டும் வாங்கிக்கொடுத்தால் ஒரு பயனும் இல்லை. பொம்மைக் கடைகளில் "கணக்குச் சீட்டு" என்று பளபளப்பாக விற்பவற்றை வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் வீடுகள் நமக்குத் தெரியும்.

எட்டு மாதங் கழித்து, பதினொன்றாம் வாய்ப்பாடும் பன்னிரண்டாம் வாய்ப்பாடும் ஆடுவதற்குச் சீட்டு போதவில்லை என்று மருமகள் தாயிடம் மனுச் செய்தாள். ஜாக்கி பதினொன்று, ராணி பன்னிரண்டு, ராஜா பதின்மூன்று. தங்கை இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பீரோவைத் திறந்து, கைக்குட்டையில் முடிந்துவைத்திருந்த பன்னிரண்டையும் எடுத்துக் கொடுத்தாள். அன்றிரவு சிறுமி ஐம்பத்திரண்டையும் கூட்டினாள். இனமொன்றுக்கு 91, நான்குக்கு 364, ஜோக்கரை ஒன்றென்று வைத்தால் 365. ஐம்பத்திரண்டு சீட்டுக்கு ஐம்பத்திரண்டு வாரம் என்றும் கண்டாள். இது தற்செயல்தான் என்று எவ்வளவோ சொன்னோம், அவள் நம்பவில்லை.

எதிர்வீட்டில் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். கீழ்த்தளத்து ஆரவாரத்தைக் கண்டு ஒருநாள் வந்தவர், "பிள்ளைக்கு முந்நூற்று நாலு பழக்கலாமே" என்றார். நாம் தங்கையைப் பார்த்தோம். தந்தையாருடைய ஆட்டம். அந்தப் பெயரை அவ்வீட்டில் எவரும் உச்சரித்து ஐம்பதாண்டு ஆகியிருக்கும். அம்மையாருக்கு அது தெரியாது; அவர் பாட்டுக்கு இரண்டு முதல் ஆறு வரையுள்ள சீட்டுகளைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டு, முப்பத்திரண்டைக் கையில் எடுத்துக் கலைக்கத் தொடங்கினார். நால்வர் வேண்டும், இவ்விருவர் கூட்டு. நாமும் அம்மையாரும் சிறுமியும் மூவரே. சிறுமி தாயின் கையைப் பிடித்து இழுத்தாள்.

தங்கை உட்கார்ந்தாள். புள்ளிக் கணக்கை அம்மையார் விளக்கத் தொடங்குமுன், "ஜாக்கிக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது, ஆசுக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை" என்று ஒரே மூச்சில் சொன்னாள். நாம் திகைத்துப் போனோம். அவளுக்கு யாரும் அதைக் கற்றுக்கொடுத்ததில்லை. பெண்குழந்தைகள் மரத்தடிக்கு வரக்கூடாதென்று அந்நாளில் கட்டுப்பாடு. "லயத்துத் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டிருப்பேன்" என்றாள். மருமகள் அதற்குள் விரலில்லாமல் கூட்டிவிட்டு, ஒரு இனத்துக்கு 76, நாலுக்கு 304, அதனால்தான் அந்தப் பெயரா என்று கூச்சலிட்டாள்.

தாயும் மகளும் ஒரு பக்கம். நாமும் அம்மையாரும் மறுபக்கம். துருப்பு யாருடையதென்று இரண்டு முறை சண்டை வந்தது. அம்மையார் எழுபது வயதுக்குரிய நிதானமின்றிச் சீட்டை மேசையில் அறைந்தார். முடிவில் சிறுமி தங்கள் பிடிகளை எண்ணி 157 என்றாள். நாம் நம்முடையதை எண்ணத் தொடங்கினோம். "எண்ண வேண்டாம் அண்ணே, உங்களுக்கு 147" என்றாள் தங்கை. எண்ணிப் பார்த்தோம், 147தான்.

இன்னுமோர் ஆட்டம் என்று மருமகள் பிடிவாதம் செய்தாள். மணி பத்தாகியிருந்தது, மறுநாள் பள்ளி. தங்கை வழக்கம்போலக் கட்டை வாங்கி எண்ணினாள். ஐம்பத்தொன்றுதான் இருந்தது. அம்மையார் தம் புடைவை மடிப்பை உதறிப் பார்த்தார். நாம் மேசைக்கடியில் குனிந்து தேடினோம். "எந்தச் சீட்டு இல்லையென்று பார்த்துச் சொல்கிறேன், பொறுங்கள்" என்று சிறுமி தரையில் அமர்ந்து சீட்டுகளை இனம் இனமாகப் பரப்பிக் கூட்டத் தொடங்கினாள். மூன்று இனத்துக்கு 91 வந்தது. டைமனுக்கு 84 வந்தது.

"டைமன் ஏழு" என்றாள்.